எல்லையில் நின்ற செய்தி

(தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஐரோப்பிய நாடுகளெங்கும் தொலைவரிக் கம்பிகள் பரவிக்கொண்டிருந்தன. மின்னலென விரைந்து வந்த செய்தியோ நாட்டெல்லையில் நின்றுவிடும். அங்கொரு பணியாளன் அதனைத் தாளில் எழுதுவான்; வேண்டுமாயின் மொழிபெயர்ப்பான்; அண்டை நாட்டுப் பணியாளனிடம் கையிற் கொடுப்பான். அவன் அதனைத் தன் நாட்டுக் கம்பியில் மீண்டும் விடுப்பான். இருபுறமும் கம்பி இருந்தது, கருவி இருந்தது, இருபுறமும் ஒத்துக்கொண்ட பொதுநெறிதான் இல்லை.

இக்குறை நீங்க, 1865ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பாரிசு நகரில் 20 அரசுகள் உடன்படிக்கை செய்தன. மோர்சுக் கருவி பொதுக்கருவியாயிற்று. கட்டண நெறிகள் ஒழுங்குற்றன. யாவரும் செய்தி விடுக்கலாம் என்னும் உரிமையும், செய்தியின் மறைகாக்கும் கடமையும் எழுத்திலேறின. அன்று பிறந்த ஒன்றியமே, இன்று செனீவாவில் தலைமையிடங் கொண்டு, 190க்கும் மேற்பட்ட நாடுகளை உறுப்பாகப் பெற்று விளங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். கம்பியை நட்டவர் தனித்தனி அரசினர். அதற்குப் பயன் தந்ததோ அவர்தம் உடன்பாடு!

கணிப்பொறியில் தமிழும் இதே இடர்ப்பாட்டை எய்தியது. 1990களில் எழுத்துருக்கள் பல. அவற்றின் குறியீடுகளும் பல. ஒரு கணிப்பொறியில் தட்டிய தமிழ்மடல், வேறெழுத்துருக் கொண்ட கணிப்பொறியில் பொருளற்ற கிறுக்கலாய் விரிந்தது. மடல் கடல் கடந்தது. தமிழ் எல்லையில் நின்றது! 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டிப் பொது விசைப்பலகை வகுக்கப்பெற்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் இணைய முகவரியின் ஈற்றில் தமிழெழுத்திலேயே அமையவும் வழியுண்டு.

2003ஆம் ஆண்டு செனீவாவில் கூடிய உலக அரசுகள் ஒரு செயற்றிட்டம் வகுத்தன. 2015ஆம் ஆண்டுக்குள் சிற்றூர்களை இணைத்தல் அதன் இலக்குகளுள் ஒன்று. உலக மொழிகளெல்லாம் இணையத்தில் இடம்பெற வழிவகுத்தல் மற்றொன்று. ஆயினும், 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 260 கோடி மக்கள் இணையத்திற்குப் புறத்தே நின்றனர் என்று அவ்வொன்றியமே கணித்தது.

கம்பி ஒருநாள் அவர்தம் வாயிலையும் எட்டும். எட்டிய பின் நிகழ்வது யாது? உழவனொருவன் மழைநிலை அறியத் திரையைத் திறக்கிறான். அங்கு அவன் மொழி இல்லை. படித்துச் சொல்ல ஒருவனைத் தேடி அவன் ஓடுவானாயின், பழைய எல்லைப் பணியாளன் மீண்டும் வந்துவிட்டான் என்பதே பொருள்! அன்று நாட்டெல்லையில் நின்றவன், இன்று ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நிற்கிறான். அவனுக்குத் தரகும் கொடுத்தாக வேண்டும்.

ஆதலின், எத்துணை ஊர்களைக் கம்பி தொட்டது என்று மட்டும் நாடுகள் எண்ணுதல் போதாது. எத்துணை மாந்தர் தம் தாய்மொழியில் பிறர் துணையின்றிப் படிக்கவும் எழுதவும் பெற்றனர் என்பதே மெய்யான அளவுகோல். எழுத்துக்கு எண் பெறாத சிறுபான்மை மொழிகள் இன்னும் உள. தமிழ் பெற்ற இடத்தை அவையும் பெறுதல் வேண்டுமெனக் குரல் கொடுப்பது தமிழர்க்கு அறமாகும்.

தமிழர்க்கு வேறொரு கடமையும் உண்டு. பெற்ற இடத்தை வெற்றிடமாய் விடலாகாது. மருத்துவம், உழவு, சட்டம், அறிவியல் ஆகிய துறைகளைத் தூய தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றுக! எல்லையில் நின்ற செய்தி, அன்றுதான் உரியவன் வீட்டினுள் நுழையும்.

வாழ்க தமிழ்!