வீட்டுத் திரையில் படமும் ஒலியும் பொருந்தாதபோது செய்ய வேண்டியவை

நூலகத்தில் மூத்த குடியிருப்பாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ஊரில் நடந்த பேத்தியின் திருமணக் காணொளி ஒரு பென் டிரைவில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்கிறது. பயணம் செய்ய இயலாத அம்மம்மா தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். படம் ஓடுகிறது, நாதசுவரம் கேட்கவில்லை. அல்லது ஒலி கேட்கிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. பெட்டி பழுதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வீட்டார் வருகின்றனர். ஆனால் பல வீடுகளில் பழுது எதுவும் இருப்பதில்லை. ஒரு கருவி அனுப்பும் வடிவத்தை மற்றொரு கருவி புரிந்துகொள்ளவில்லை என்பதே காரணம். அதைக் கண்டறியும் முறையை அறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

உறையும் மொழியும்

காணொளிக் கோப்பைக் கடிதத்துக்கு ஒப்பிடலாம். எம்.பி.4, எம்.கே.வி. என்பன உறையின் பெயர்கள். உள்ளே உள்ள கடிதம் எம்மொழியில் எழுதப்பட்டது என்பது வேறு செய்தி. படத்துக்கு எச்.264 (2003), எச்.ஈ.வி.சி. (2013), ஏ.வி.1 (2018) என அடுத்தடுத்துப் புதிய மொழிகள் வந்துள்ளன. ஒலிக்கும் டால்பி, டி.டி.எஸ்., ஏ.ஏ.சி. எனப் பல மொழிகள் உண்டு. பழைய தொலைக்காட்சி உறையைத் திறந்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் மொழி தெரியாமல் நின்றுவிடும். படத்தின் மொழி தெரிந்து ஒலியின் மொழி தெரியாவிட்டால், ஓசையற்ற படம் ஓடும்.

திரை கறுப்பாக இருக்கும்போது

ஸ்ட்ரீமிங் கருவி, சவுண்ட்பார் அல்லது ரிசீவர், தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரு சங்கிலி. அதில் வலுக்குறைந்த கண்ணியே முழுச் சங்கிலியின் அளவைத் தீர்மானிக்கும். பெரும்பாலான 4கே ஸ்ட்ரீமிங் சேவைகள் எச்.டி.சி.பி. 2.2 என்னும் நகல் பாதுகாப்பைக் கேட்கும். இடையில் உள்ள பழைய ரிசீவர் அதை அறியாவிட்டால் படம் வராது, அல்லது தரம் குறைந்து வரும். எனவே முதலில் ஸ்ட்ரீமிங் கருவியை நேரடியாகத் தொலைக்காட்சியில் செருகிப் பார்க்க வேண்டும். படம் வந்துவிட்டால் குறை இடையில் உள்ள பெட்டியில்தான். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. படம் நேரடியாகத் தொலைக்காட்சிக்குச் செல்ல, ஒலியை மட்டும் அங்கிருந்து பெட்டிக்குத் திருப்பி அனுப்பலாம்.

படம் விட்டுவிட்டு மறைந்தால் கேபிளை ஐயுற வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 முறை நொடிக்கு 10.2 கிகாபிட் வரையும், 2.0 முறை 18 கிகாபிட் வரையும், 2.1 முறை 48 கிகாபிட் வரையும் தரவைக் கடத்தும். 4கே படத்துக்கு, உறையில் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ எனச் சான்றளிக்கப்பட்ட கேபிள் போதுமானது. மிக விலையுயர்ந்த கேபிள் தேவையில்லை.

நிறம் வெளிறித் தெரியும்போது

எச்.டி.ஆர்.10, எச்.டி.ஆர்.10+, டால்பி விஷன், எச்.எல்.ஜி. என்பன ஒளியையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் முறைகள். எல்லாத் தொலைக்காட்சிகளும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. எடுத்துக்காட்டாக, சாம்சங் தொலைக்காட்சிகள் எச்.டி.ஆர்.10+ முறையை ஏற்கும். டால்பி விஷனை ஏற்பதில்லை. சில தொலைக்காட்சிகளில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் முழுத் திறன் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கும் அமைப்புக்கு எல்.ஜி.யில் ‘டீப் கலர்’ என்றும், சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்றும், சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்றும் பெயர். இயக்கிய பின்னும் சீராகாவிட்டால், ஸ்ட்ரீமிங் கருவியில் எச்.டி.ஆரை அணைத்துச் சாதாரண முறையில் பார்ப்பது நன்று.

உரையாடல் கேட்காதபோது

மூத்தோர் பலர் கூறும் குறை இது: பின்னணி இசை முழங்குகிறது, பேச்சு மட்டும் கேட்பதில்லை. செவித்திறன் குறைந்துவிட்டது என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். ஆறு தடங்களைக் கொண்ட 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில் வைக்கப்படுகிறது. இரண்டு ஒலிபெருக்கிகளே உள்ள பெட்டியில் அத்தடம் சரியாகக் கலக்கப்படாவிட்டால் பேச்சு அமுங்கிவிடும். ஸ்ட்ரீமிங் கருவியின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி முற்றிலும் வராதபோதும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. ஒலி திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது. அதன் பின்னும் பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் செவிப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

சவுண்ட்பார் வைத்திருப்போர் மேலும் ஒன்றை அறிய வேண்டும். ஆப்டிகல் கேபிள் சாதாரண ஸ்டீரியோவையும் பழைய டால்பி 5.1 ஒலியையும் கடத்தும். டால்பி அட்மோஸைக் கடத்தாது. ஸ்ட்ரீமிங் சேவைகளின் அட்மோஸ் ஒலிக்கு எச்.டி.எம்.ஐ. ஆர்க் இணைப்பு பெரும்பாலும் போதுமானது. புளூ-ரே தட்டின் சுருக்கிழப்பற்ற ஒலியைத் தொலைக்காட்சி வழியாக அனுப்பவே ஈ-ஆர்க் தேவைப்படும். ஆர்க் இயங்காவிட்டால் ‘ஆர்க்’ என்று எழுதப்பட்ட போர்ட்டில்தான் கேபிள் உள்ளதா என்று பார்த்து, எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாட்டு அமைப்பையும் இயக்க வேண்டும்.

அசைவு தடுக்கித் தெரியும்போது

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நொடிக்கு 25 அல்லது 50 படங்களைக் கொண்டது. திரைப்படம் 24 படங்களைக் கொண்டது. ஸ்ட்ரீமிங் கருவி 60 என்ற அளவில் நிலைத்திருந்தால், கிரிக்கெட் பந்தின் ஓட்டமும் செய்திப் பட்டையின் நகர்வும் தடுக்கித் தெரியும். கருவியில் படவீதத்தைப் பொருத்தும் வசதி இருப்பின் அதை இயக்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும் காணொளி

முதலில் கூறிய திருமணக் காணொளிக்கு இப்போது திரும்பலாம். 2017 முதல் புதிய ஐபோன்கள் எச்.ஈ.வி.சி. மொழியிலேயே பதிவு செய்து வருகின்றன. அனுப்புவோரிடம் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, எச்.டி.ஆர். காணொளியை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுமாறு கேட்கலாம்.

ஏற்கெனவே வந்துவிட்ட கோப்பை வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் கொண்டு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கு ஓடினால் கோப்பு நலமாக உள்ளது. கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் தொலைக்காட்சியுடன் இணைத்து அப்போதே பார்த்துவிடலாம். நிலையான தீர்வு வேண்டுமெனில், ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் எம்.பி.4 உறையில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியுமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது தரம் சிறிது குறையும். எனவே மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

பென் டிரைவையே தொலைக்காட்சி அறியாவிட்டால் அதன் அமைப்பு முறை காரணமாகலாம். ஃபாட்32 முறையைப் பெரும்பாலான பெட்டிகள் அறியும். ஆனால் 4 கிகாபைட் அளவை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறை பெரிய கோப்பை ஏற்கும். பழைய பெட்டிகள் சில அதை அறியா. முறையை மாற்றினால் உள்ளிருப்பவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகையால் முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

புதியது வாங்கும் முன்

மேற்கூறியவை பயன் தராதபோது, புதிய தொலைக்காட்சிக்கு முன்னர் ஒரு புதிய ஸ்ட்ரீமிங் கருவியைக் கருத வேண்டும். அதன் விலை மிகக் குறைவு. தேவையான வடிவங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, கருவி அவற்றை ஏற்குமா என விற்பனையாளரிடம் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நன்று. அவர் உறுதியளித்தபடி கருவி இயங்காவிடில், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி விற்ற கடையிடமே தீர்வு கோரலாம். பெரிய குறையெனில், பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்றுக் கருவி பெறுவதா என்பதை வாங்கியவரே முடிவு செய்வார். மனம் மாறியதற்கு மட்டும் இவ்வுரிமை இல்லை.

கருவியைச் செயற்படுத்தக் கட்டணம் கேட்டோ, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டோ வரும் அழைப்புகளை உடனே துண்டிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பழைய தொலைக்காட்சியைத் தெருவோரம் வைக்காமல், தேசிய தொலைக்காட்சி மற்றும் கணினி மீள்சுழற்சித் திட்டத்தின் சேகரிப்பு நிலையத்தில் கட்டணமின்றி ஒப்படைக்கலாம்.

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதைக் குறித்து வைத்து, பின்னர் அடுத்ததைச் செய்வதே குறை காண்பதற்குரிய வழி. பொறுமையுடன் அவ்வாறு செய்தால், அம்மம்மா அதே பழைய பெட்டியில், அன்று மாலையே, பேத்தியின் தாலிகட்டை நாதசுவர ஒலியுடன் காண இயலும்.