மார்ச் சகோதரிகளின் புதிய வீடுகள்



‘லிட்டில் விமன்’ நாவலைச் சிறுவயதில் படித்தவர்கள் பெரும்பாலும் ஜோவாக வாழ ஆசைப்பட்டு, பெத்துக்காக அழுதவர்களாக இருப்பார்கள். மெக், ஜோ, பெத், ஏமி என்ற நான்கு சகோதரிகள். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைப்பிரிவின் பாதிரியார். வீட்டைத் தாங்குபவர் தாய். லூயிசா மே ஆல்காட் எழுதிய இக்கதை 1868, 1869ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

அண்மைய ஆண்டுகளில் இந்த நாவலைச் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்குமாகப் பலர் புதிதாக எழுதியிருக்கிறார்கள். சகோதரிகளின் நிறம், மதம், ஊர் எல்லாம் மாறுகின்றன. ‘நன்றாக இருக்கும் கதையை ஏன் தொட வேண்டும்?’ என்று பழைய வாசகர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால், மூலக் கதையே எழுத்தாளர் விரும்பியபடி முடியவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஜோ கடைசிவரை திருமணமாகாத எழுத்தாளராகவே இருக்க வேண்டும் என்பது ஆல்காட்டின் எண்ணம். முதல் பாகத்தைப் படித்த இளம் வாசகிகளோ, பக்கத்து வீட்டு லாரிக்கு அவளை மணமுடித்து வைக்கும்படி கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். ஆல்காட் மறுத்தார். அதற்குப் பதிலாக நடுத்தர வயதுப் பேராசிரியர் ஒருவரை அவளுக்குக் கணவராக்கினார். வாசகிகளுக்கு அவர் வைத்த குட்டு என்றுகூட அதைச் சொல்லலாம்!

2019இல் ரே டெர்சியேரோ எழுத, ப்ரீ இண்டிகோ வரைந்த ‘மெக், ஜோ, பெத், அண்ட் ஏமி’ என்ற சித்திரக்கதையில் ஜோவுக்கு ஆண்கள்மேல் நாட்டமே இல்லை. தான் பெண்களை விரும்புபவள் என்று குடும்பத்திடம் சொல்கிறாள். இது எல்லா வீடுகளிலும் எளிதாக ஏற்கப்படும் மாற்றமல்ல. ஆயினும், ஜோவைத் திருமணத்திலிருந்து விடுவிக்க நினைத்தவர்களில் முதல் ஆள் ஆல்காட்தான்.

பெத்தின் கதி இதைவிடச் சிக்கலானது. நோயுற்ற ஏழைக் குழந்தையைக் கவனிக்கப் போன இடத்தில் அவளுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றுகிறது. பிழைத்தும் உடல் தேறாமல், இரண்டாம் பாகத்தில் இறந்துவிடுகிறாள். ஆல்காட்டின் சொந்தத் தங்கை எலிசபெத்தும் அதே காய்ச்சலால் நலிந்து, 1858இல் தமது 22ஆவது வயதில் இறந்தவர். நாவலில் அந்தப் பக்கங்கள் இன்றும் நெஞ்சைப் பிசைவதற்குக் காரணம் அதுதான்.

இன்றைய அமெரிக்காவில் நடக்கும் கதையில் ஸ்கார்லெட் காய்ச்சல் எடுபடாது. ஆண்டிபயாட்டிக் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். அதனால் நியூயார்க் நகரில் நடக்கும் மேற்சொன்ன சித்திரக்கதையில் பெத்துக்கு வருவது ரத்தப் புற்றுநோய். ஹேனா கான் 2019இல் எழுதிய ‘மோர் டு த ஸ்டோரி’யில், ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தின் மூன்றாவது மகள் பிஸ்மாவுக்கு வருவது நிணநீர்ப் புற்றுநோய். பிஸ்மாவைச் சாகவிடாமல் நம்பிக்கையோடு கதையை நிறுத்துகிறார் ஆசிரியர். சற்றே இளைய பிள்ளைகளுக்கான நூல் என்பதால் அந்தக் கருணை பொருந்துகிறது. பள்ளிச் செய்தித்தாளில் எழுதத் துடிக்கும் அக்காள் ஜமீலா, அசல் ஜோவேதான். ஆனாலும், மரணம் இல்லாத பெத் கதையில் ஏதோ ஒன்று குறைகிறது.

நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ‘கிரேட் ஆர் நத்திங்’ எதிர்த்திசையில் போகிறது. காலம் 1942, இரண்டாம் உலகப் போர். கதை தொடங்கும்போதே பெத் இறந்துவிட்டாள். மெக் ஊரில் ஆசிரியை. ஜோ விமானத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஏமி வீட்டுக்குத் தெரியாமல் லண்டன் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறாள். துக்கம் மூன்று பேரையும் மூன்று திசையில் வீசிவிட்டது. நடுநடுவே இறந்த பெத் கவிதை வடிவில் பேசுகிறாள். மூல நாவலில் அதிகம் பேசாதவள் அவள்தானே.

எல்லாவற்றிலும் துணிச்சலானது பெத்தனி சி. மொரோவின் ‘சோ மெனி பிகினிங்ஸ்’, 2021இல் வந்தது. ஆல்காட்டின் குடும்பம் அடிமைமுறையைத் தீவிரமாக எதிர்த்த குடும்பம். தப்பி வந்த அடிமைக்கு வீட்டில் புகலிடம் தந்தவர்கள். அப்படியிருந்தும், போர்க்காலத்தில் நடக்கும் ‘லிட்டில் விமன்’ அடிமைகளைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை. மொரோ அதே போரை, அதில் 1863ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு, சகோதரிகளைக் கறுப்பினத்தவர்களாக வட கரோலினாவின் ரோனோக் தீவில் குடியமர்த்துகிறார். அது கற்பனை ஊர் அன்று. வடக்குப் படை 1862இல் தீவைப் பிடித்தபின், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் அங்கு குவிந்தார்கள். உச்சத்தில் சுமார் 3,500 பேர். தாங்களே வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடங்களில் படித்தார்கள். பழைய ஜோவுக்கு எழுதுவது லட்சியம், கொஞ்சம் வருமானமும்கூட. எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த இந்த ஜோ எழுதுகிறாள் என்றால் அதன் கனமே வேறு. மூல நாவலைத் தொடாதவர்களும் இந்த நூலை நேராகப் படிக்கலாம்.

போர் முடிந்ததும் அந்தத் தீவின் நிலம் பழைய உரிமையாளர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1867இல் குடியிருப்பு கலைந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் பாஸ்டனில் ‘லிட்டில் விமன்’ அச்சேறியது.