பிறர்க்கென ஒரு சங்கம்

(பங்குச் சேவைக் குழுவின் தொடக்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நம் பங்கில் ஒரு சேவைக் குழு தொடங்கும் இவ்வேளையில், உலகெங்கும் பரவியுள்ள ரோட்டரி சங்கம் பிறந்த கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் நால்வர் கூடினர். அழைத்தவர் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர். மற்றவர்கள் ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு தையற்கடைக்காரர். சிற்றூரில் வளர்ந்த ஹாரிஸுக்கு அந்தப் பெருநகரில் நண்பர்கள் வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடியதால் 'சுழலும்' சங்கம் எனப் பெயர் வந்தது.

அன்று சேவை என்ற பேச்சே இல்லை! உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்தனர். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கு வைக்கவும் ஓர் ஆள் இருந்தார். இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் மாலையும் புகைப்படமும் தேடும் சங்கங்களை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்ற வழக்கறிஞரைச் சேர அழைத்தனர். தன் உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் தயங்கினார். நல்லவேளை, யாரும் கோபிக்கவில்லை. "நீங்களே வந்து மாற்றுங்கள்" என்றனர். அவரும் வந்தார், ஊருக்கு உழைப்பதும் சங்கத்தின் நோக்கமாயிற்று.

முதற்பணி என்ன தெரியுமா? 1907-இல் எடுத்துக்கொண்ட பொதுக் கழிப்பிடம்! அதுவரை ஆண்கள் மதுக்கடைக்குள்ளும், பெண்கள் பேரங்காடிக்குள்ளும் நுழைய வேண்டியிருந்தது. அந்த வியாபாரிகள் எதிர்த்தும் சங்கத்தார் விடவில்லை.

குறையும் இருந்தது. பெண்களை உறுப்பினராக ஏற்க 1989 வரை ஆயிற்று. நம் குழுவில் தாய்மார்கள் முதல் நாளிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

1985-இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் உலகத் திட்டத்தை ரோட்டரி தொடங்கியது. பின்னர் பல நிறுவனங்களும் அரசுகளும் கைகோத்தன. நம் நாட்டில் கடைசியாக அந்நோய் கண்டது 2011-இல் ஹவுராவில், ஒரு குழந்தைக்கு. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது.

நம் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலை முதல் பூ விற்கும் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடமில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள்.