மூன்று வாட்ச்மேன்களும் ஒரு வெடிச்சத்தமும்
(சங்கச் சுற்றுலாவின்போது பூம்பாறையில், இரவு உணவுக்குப் பின் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

சாப்பிட்ட கையோடு வானியலா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. மாலை 6.47 மணி. அன்று இந்த ஊரில் பூண்டு வயலில் யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஏறக்குறைய நேர் உச்சியிலிருந்து, மனிதன் இதுவரை பதிவு செய்ததிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு வந்து இறங்கியது. கிளம்பி சுமார் 190 கோடி ஆண்டு ஆன கதிர். இந்தியாவில் மின்னலைப் பதிவு செய்யும் கருவிகள்கூட அதை உணர்ந்தன.

மதியம் ஒரு பையன் கேட்டான்: "இவ்வளவு உயரம் ஏறிட்டோமே அங்கிள், இங்கிருந்து பிடிக்க முடியாதா?" முடியாது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகம் சூரியனைப் பார்க்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளி காற்றைத் தாண்டி வருவதால்தான். காமா கதிரைக் காற்று வழியிலேயே விழுங்கிவிடும். அதனால் கருவி மேலே போயாக வேண்டும். 1967-இல் முதல் வெடிப்பைப் பிடித்ததே, ரகசிய அணுகுண்டுச் சோதனையைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள்தான்!

மேலே போனாலும் ஒரு சிக்கல். இந்தக் கதிரைச் சாதாரண லென்ஸால் குவிக்க முடியாது. படிகத்தில் பட்டால் சின்ன மினுக்கு, அதை எண்ணலாம். எந்தத் திசையிலிருந்து வந்தது?

நம் வளாகத்தில் நள்ளிரவில் யாரோ வெடி போடுகிறார்கள் என்று வையுங்கள். மூன்று பிளாக் வாட்ச்மேன்களும் சத்தம் கேட்ட நேரத்தை எழுதுகிறார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். யாருக்கு முதலில், எவ்வளவு வித்தியாசத்தில் கேட்டது என்பதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம், மூன்று கடிகாரமும் ஒத்துப்போனால். (நம் கடிகாரங்களின் லட்சணம் உங்களுக்கே தெரியும்.) செயற்கைக்கோள்களுக்கும் இதே கணக்குதான். 7,000 கி.மீ. இடைவெளியை ஒளி கடக்க 0.023 நொடி. ஆகவே ஜி.பி.எஸ். நேரம் இல்லாமல் வேலை நடக்காது.

ஒரு வாட்ச்மேன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் போதாது. நம் ஆஸ்ட்ரோசாட்டையே எடுங்கள். 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, எடை சுமார் 1,500 கிலோ. அதிலுள்ள சி.இசட்.டி. கருவி, இயக்கிய அன்றே ஒரு வெடிப்பைப் பிடித்தது. பிறகு 500-க்கும் மேல். ஆனால் 2017 ஆகஸ்ட் 17-இல், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமா கதிரும் வந்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் பிறக்கும் இடம் அது என்று காட்டிய நிகழ்வு. அந்த நேரம் பார்த்து ஆஸ்ட்ரோசாட்டுக்கும் அதற்கும் குறுக்கே பூமி! "இந்தப் பக்கம் இல்லை" என்று சொல்ல மட்டுமே நம்மால் முடிந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதனால்தான் சின்னச் செயற்கைக்கோள்கள் மேல் எனக்கு நம்பிக்கை. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் நாட்டுக்காரர்கள் சேர்ந்து 2021-இல் அனுப்பிய ஜி.ஆர்.பி.ஆல்ஃபா பத்து சென்டிமீட்டர் கனசதுரம், மிட்டாய்ப் பெட்டி அளவு. 2022-இல் பெரிய கருவிகள் பல வெளிச்சம் தாங்காமல் திணறியபோது, இதன் சிறிய படிகம் உச்சத்தை ஒழுங்காக அளந்தது. 2025 மார்ச்சில் இத்தாலியின் ஹெர்மீஸ் திட்டத்தில் ஆறு சின்னக் கோள்கள் ஒன்றாகப் போயின. மூன்று வாட்ச்மேன் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான்.

நம்மவர்களும் சும்மா இல்லை. ஐ.ஐ.டி. பம்பாயும் மற்ற நிறுவனங்களும் முன்மொழிந்திருக்கும் 'தக்ஷா'வில் இரண்டு கோள்கள், பூமிக்கு எதிரெதிர்ப் பக்கத்தில். ஒன்றுக்குப் பூமி மறைத்தால் மற்றது பார்க்கும். அளவில் மிட்டாய்ப் பெட்டி அல்ல, ஆனால் 2017-இன் ஓட்டையை நேராக அடைக்கிற யோசனை. திசை தெரிந்ததும் லடாக்கின் ஹான்லேயிலுள்ள 0.7 மீட்டர் தொலைநோக்கி திரும்பி, மங்கிக்கொண்டே போகும் மிச்ச ஒளியைத் தேடும். அதை நடத்துவதில், கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

நாளை வழியில் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தால் இறங்கலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், முதலில் சிறுவர்கள்.