ஏதுவும் எடுத்துக்காட்டும்
(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யான் விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நம் சங்கத்தின் உதவி பெற்றுப் பயிலும் மாணவர் சிலர் மாலை வேளைகளில் என்பால் வருவர். அவர்தம் விடைத்தாள்களைக் கண்ணுற்றேன். ‘யாது?’ என்னும் வினாவிற்கு நிறைந்த மதிப்பெண். ‘காரணங் காட்டுக’ என்னும் வினாவிற்கோ வெற்றிடம், அன்றேல் பாடநூலின் வரி. முடிபை அறிந்தவர், அதனை அடைந்த வழியை அறிந்திலர். இஃது அவர்தம் அறிவின் குறையன்று. வழியை நாம் நடந்து காட்டாமையால் நேர்ந்த குறையேயாம்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புக்களைக் கூறுகின்றது. ‘இம்மலை நெருப்புடையது’ என்பது பக்கம். ‘புகையுடைமையால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அஃதாவது எடுத்துக்காட்டு. ‘இம்மலையும் புகையுடைத்து’ என்று பொருத்துவது உபநயம். ‘ஆதலின் நெருப்புடைத்து’ என முடிப்பது நிகமனம். நம் மாணவர் முதலுறுப்பை மட்டும் எழுதி எழுந்துவிடுகின்றனர்.

இனி, யான் மாணவர்க்குப் படிப்படியாக விரித்துக் காட்டும் விஞ்ஞான வரலாறு ஒன்றைக் கேண்மின். வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் பிரசவ சுரத்தால் இறந்த தாய்மார் 100க்கு 11.4, இரண்டாம் பகுதியிலோ 2.7. இவ்வேறுபாடு எதனால் என ஆராய்ந்தார் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர்.

கூட்ட நெருக்கம் காரணமாயின், நெருக்கம் மிக்க பகுதியில் சாவு மிகுதல் வேண்டும். நெருக்கம் மிக்கது இரண்டாம் பகுதியே; அங்கே சாவு குறைவு. ஆதலின் அது காரணமன்று. பாதிரியார் மணியொலியுடன் முதற்பகுதி வழியே செல்வதால் தோன்றும் அச்சம் காரணமாயின், அதனை நிறுத்தச் சாவு குறைதல் வேண்டும். நிறுத்தினர், குறையவில்லை. ஆதலின் அதுவுமன்று.

1847இல் அவருடைய நண்பரொருவர், பிணப்பரிசோதனையின்போது மாணவன் கைக்கத்தி பட்டு, அச்சுரத்தை ஒத்த குறிகளுடன் இறந்தார். முதற்பகுதியில் பணியாற்றிய மருத்துவரும் மாணவரும் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையுடன் அங்கு வருபவர். இரண்டாம் பகுதியின் மருத்துவிச்சிகளுக்கு அவ்வேலை இல்லை. கையில் ஒட்டிய பிணப்பொருளே காரணமாயின், அதனைப் போக்கச் சாவு குறைதல் வேண்டும். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுமாறு விதித்தார். 1848இல் முதற்பகுதியில் 1.27, இரண்டாம் பகுதியில் 1.33 எனச் சாவு ஏறக்குறையச் சமமாயிற்று. கருத்து வலிவுற்றது, எனினும் அத்துடன் முடிந்துவிடவில்லை. உயிருடனிருந்த நோயாளியின் அழுகற்புண்ணாலும் அந்நோய் பரவக் கண்டு, அவரே தம் கருத்தை விரித்துக்கொண்டார்.

ஒவ்வோரடியிலும் ‘இதுவாயின், எது நிகழ வேண்டும்? நிகழ்ந்ததா?’ என்னும் வினாவே நிற்றல் காண்க. முதலில் இவ்வாறு முழுவதும் விடுவித்த ஒன்றைக் காட்டுதல் வேண்டும். அடுத்தது இரும்பாணியின் துரு. ஈரமற்ற காற்றில் துருவில்லை. காய்ச்சிக் காற்றகற்றி எண்ணெயால் மூடிய நீரிலும் துருவில்லை. வாளா வைத்த நீரில் துருவுண்டு. இத்துணையும் கூறி நிகமனத்தை மாணவனிடம் விடுக. காற்றும் நீரும் ஒருங்கே வேண்டும் என்பதை அவனே முடிப்பான். மூன்றாவதாக, விதை முளைத்தற்கு வேண்டுவன யாவை என்பதை முற்றும் அவனே ஆராய்ந்தெழுதுக.

இம்முறையின் பயனைப் பிறநாட்டாரும் சோதித்துள்ளனர். 1985இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லர், கூப்பர் என்போர் இயற்கணிதத்தில் செய்த சோதனைகளில், தொடக்க நிலையில் விடுவித்த கணக்குகளைப் பயின்றவர், தாமே முட்டிமோதியவரினும் விரைவாகக் கற்றனர். ஆனால், தேர்ச்சி பெற்ற மாணவனுக்கு அதே உதவி இடையூறாதலும் பிற்கால ஆய்வுகளில் புலனாயிற்று. நடக்கத் தெரிந்த குழந்தைக்கு நடைவண்டி எதற்கு? ஊன்றுகோலை எடுக்கும் பருவமறிதல் ஆசிரியர் கடமை.

செம்மல்வைஸின் முடிவு நெஞ்சை வருத்துவது. மெய் கண்ட அவர் அதனை விரித்து நூலாக வெளியிட்டது 1861ஆம் ஆண்டில்தான். பலர் ஒப்பவில்லை, 1865இல் அவர் மறைந்தார். உண்மை காண்பதொன்று, அதனைப் பிறர் உளங்கொள விளக்குவது மற்றொன்று. பின்னது தாழ்த்தால் உயிர்களும் மடியும்.

பெற்றோர்களே! பிள்ளை மதிப்பெண்ணைச் சொல்லும்போது மகிழ்மின். அத்துடன் ‘எங்ஙனம் அறிந்தாய்?’ என்று ஒரு சொல் வினவுமின். நீவிர் விஞ்ஞானம் கல்லாதவராயினும் இழுக்கில்லை. அவ்வினாவிற்கு விடை சொல்லிப் பழகிய பிள்ளை தேர்வில் மட்டுமன்று, வாழ்விலும் பிறர் சொல்லால் ஏமாறாது நிற்கும்.