கணக்கு கேட்பது நம் உரிமை
(தென்காசியில் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுக் கூட்டத்தில் தவறாமல் வரவு செலவு வாசிக்கிறோம். பத்து ரூபாய் குறைந்தாலும் "எங்கே போச்சு?" என்று ஊக்குநரைக் கேட்கிறோம். அவர் கோபப்படுவதில்லை, நோட்டைக் காட்டுகிறார். ஆனா, நம்ம தெருவில் போட்ட சிமெண்ட் ரோட்டுக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டோமா? "ஆபீஸ்ல போய்க் கேட்டா நாளைக்கு லோனுக்குக் கையெழுத்துப் போடுவாங்களா?" என்று பயப்படுகிறோம்.

ராஜஸ்தான் கிராம மக்களும் நம்மைப் போலத்தான். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் அங்கே கோட்கிரானா கிராமத்தில் ஊர் நடுவே பஞ்சாயத்துக் கணக்கை வாசிக்க வைத்தது. 1996-ல் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அவர்களோடு நின்ற அருணா ராய் நம்ம சென்னையில் பிறந்தவர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்கள் முழக்கம். அப்படிப் பல பேர் போராடித்தான் 2005 அக்டோபர் 12-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மனு எழுதுவது கஷ்டமில்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். "பொதுத் தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணமே இல்லை. குழு பெயரில் எழுதாமல் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்க. எதுக்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேலே சென்னையில் தகவல் ஆணையம் இருக்கிறது.

ஒரு ஊரில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறோம். "எங்க தெரு ரோட்டை ஏன் பாதியில் விட்டீங்க?" என்று எழுதினோம். "விளக்கம் தர இயலாது" என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதில் சரிதான். இந்தச் சட்டத்தில் கேட்க வேண்டியது ஆவணம். அடுத்த மனுவில் மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் மூன்றின் நகலையும் கேட்டோம். கிடைத்தது. அக்காமார் டேப் பிடித்துத் தெருவை அளந்தார்கள். தாளில் இருந்த நீளம் தெருவில் இல்லை! அந்த நகலைக் கிராம சபையில் வைத்தோம். மீதியைப் போட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போட்டு முடிக்கும்வரை விடப்போவதில்லை. மனு போட்ட அக்காவின் லோனும் நிற்கவில்லை.

குற்றாலம் பேரூராட்சிப் பகுதிச் சகோதரிகளுக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் இந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு. சீசனில் எவ்வளவு வசூல், குப்பை அள்ள எவ்வளவு செலவு என்று கேட்கலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், கலெக்டர் அலுவலகத்துக்குத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் குழுவுக்கு ஒருவர் ஒரு மனு எழுதி வாருங்கள். சேர்ந்து வாசித்துத் திருத்துவோம்.