மேல் என்று ஒரு சொல்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



இங்கிலீஷ் பயத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். குமாரலிங்கபுரம் மாதிரி கரிசல் ஊர்களில் இருந்து தமிழ் மீடியத்தில் படித்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? பெரிய பெரிய வார்த்தையில் இல்லை. பெரிய வார்த்தையை மனப்பாடம் பண்ணிவிடலாம். 'அப்' என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறதே, அதில்தான்.

'அப்' என்றால் மேலே என்று ஆறாம் வகுப்பில் படிக்கிறோம். 'கெட் அப்' என்றால் எழுந்திரு. சரி, எழுந்தால் மேலேதான் வருகிறோம். 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'லுக் அப்' என்றால் அண்ணாந்து பார். அகராதியில் தேடு என்றாலும் அதுதான். 'ஷட் அப்' மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். இதிலெல்லாம் மேலே எங்கே இருக்கிறது என்று பையன் திகைத்துப்போகிறான். ஆனால் அதே பையன் லாக்கப், மேக்கப், பிக்கப், டாப்-அப் என்று நாள் முழுக்கப் பேசுகிறான். வாட்ஸ்அப் என்ற பெயரே 'என்ன சேதி' என்று கேட்கிற 'அப்'பை வைத்துச் செய்த சிலேடைதான்.

'ஈட் அப்' என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வெறுமனே 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி. இந்த வேலையை நம்ம ஆத்தா எப்படிச் செய்கிறாள்? "குடி" என்று சொன்னால் ஒன்று, "குடிச்சிரு" என்று சொன்னால் வேறொன்று. 'குடித்துவிடு' என்பதில் உள்ள 'விடு'தான் பேச்சில் 'ரு' ஆகியிருக்கிறது. விடு என்றால் விட்டுவிடுவது. ஆனால் இங்கே எதையும் விடக்கூடாது என்று அர்த்தம்! வெள்ளைக்காரப் பிள்ளை நம்மிடம் தமிழ் படிக்க வந்தால் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளும். ஒரு காரியம் முழுசாக முடிந்தது என்று காட்ட அவர்கள் பல இடங்களில் 'அப்' போடுகிறார்கள், நாம் 'விடு' போடுகிறோம். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பொருந்துகிற இடத்தில் பயம் பாதி குறையும்.

அது போகட்டும், நம்ம 'மேல்' மட்டும் என்ன லேசுப்பட்டதா? அவன் மேல் கோபம். நூறு ரூபாய்க்கு மேல். அதுக்கு இது மேல். மேல்படிப்பு, மேல்முறையீடு, மேல்செலவு, மேலோட்டம், மேலிடம். கதையை நிறுத்தினால் "மேல சொல்லு" என்கிறோம். நடந்து முடிந்ததைச் சொல்ல 'மேற்படி', நடக்கப்போவதைச் சொல்ல 'இனிமேல்'. ஒரே சொல் முன்னாலும் பார்க்கிறது, பின்னாலும் பார்க்கிறது. திருக்குறளில் 'பெருமை' அதிகாரத்தில் வள்ளுவர் மேல், கீழ் இரண்டை மட்டுமே உருட்டி ஒரு குறளைச் செய்து முடித்திருக்கிறார். மாணவர்கள் 973-ஐ எடுத்துப் பாருங்கள்.

நம்ம பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. எங்க அப்பத்தாவை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "மேலெல்லாம் வலிக்குது" என்றது. டாக்டர் வடக்கே இருந்து வந்த இளவயசுக்காரர். "மேலேன்னா தலையா பாட்டி?" என்று கேட்டார். "மேலுன்னா மேலுதான் தம்பி. கால் பெருவிரலும் மேலுதான்" என்றது அப்பத்தா. இங்கே டாக்டராகவோ நர்ஸாகவோ வரப்போகிற பிள்ளைகள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "மேலுக்கு முடியல" என்று வருகிறவர் மாடி ஏற முடியவில்லை என்று சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேல் என்றால் மேற்கு. கீழ் என்றால் கிழக்கு. ஏன்? நம்ம நிலம் அப்படி. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். வைகையும் வைப்பாறும் திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு போகிற நம்ம குண்டாறும் மேற்கே பிறந்து கிழக்கே இறங்குகின்றன. இதை 1856-இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் கவனித்தார். கேரளத்தில் கிழக்கேதான் மலை, மேற்கே கடல். அவர்கள் மேற்கைப் 'படிஞ்ஞாறு', அதாவது ஞாயிறு படிகிற திசை, என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் மலை இருக்கிற கிழக்கை இன்றும் 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அது என்பது அவர் வாதம்.

எகிப்திலும் இதே கதைதான். மேல் எகிப்து என்பது படத்தில் கீழே, தெற்கே இருக்கிறது. நைல் நதி தெற்கே இருந்து வடக்கே ஓடுகிறது, அவ்வளவுதான். எது மேல் என்று தண்ணீர் முடிவு செய்திருக்கிறது.

வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'கிழமேல்' இத்தனை அடி, 'தென்வடல்' இத்தனை அடி என்று இருக்கும். 'ஓடைக்குக் கீழ்புறம்' என்று எழுதியிருந்தால் ஓடைக்குக் கிழக்கே என்று அர்த்தம். பள்ளமான பக்கம் என்று படித்தால் எல்லைக்கல்லே இடம் மாறிப்போகும். இன்றைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் பலர் இந்த வரியைப் படிக்கத் தெரியாமல் யாரிடமாவது நீட்டுகிறார்கள். நீட்டுகிற இடம் எல்லா நேரமும் நல்ல இடமாக இருப்பதில்லை.

கடைசியாக ஒன்று, சங்கடமான விஷயம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மதுரையில் மேல மாசி வீதி, கீழ மாசி வீதி என்று சொல்கிறோம். அங்கே கீழ என்பதை யாரும் தாழ்வாக எடுத்துக்கொள்வதில்லை, கிழக்கு, அவ்வளவுதான். ஊருக்குள் வந்தால் கதை மாறுகிறது. "தம்பி, நீ மேலத்தெருவா, கீழத்தெருவா?" என்று கேட்கிறவர் திசையையா கேட்கிறார்? கேட்கிற தொனியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். சூரியன் உதிக்கிற திசைக்கு வைத்த பெயரைச் சொல்ல ஒரு பையன் கூச்சப்பட்டு, "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று மழுப்புவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நம்மில் சிலர் அப்படி மழுப்பியவர்கள், சிலர் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள். இந்த மண்டபத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். சொல் என்ன பாவம் செய்தது? மண்ணின் சரிவுக்கு வைத்த பெயரை மனுசன் மேல் ஏற்றியது நாம். மழையை எடுத்துக்கொண்டால், வானம் பார்த்த நம்ம சீமைக்குக் கிழக்கே கடலில் இருந்து வருகிற ஐப்பசி, கார்த்திகை மழைதான் பிழைப்பு. அந்தக் கீழ்த்திசை மேகம் வரவில்லை என்றால் மேலத்தெருக் கம்பும் கருகும், கீழத்தெருக் கம்பும் கருகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சின்ன வேலை. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய மாணவர்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில்தான் இருப்போம். உங்க ஊரில் மேல், கீழ் சேர்ந்து வருகிற பேச்சு, புஞ்சைப் பெயர், கண்மாய்ப் பெயர் எது இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கிலீஷில் சந்தேகம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். தமிழிலேயே கேட்கலாம்.